கப்சிப் பிடித்த கயிறு

திரை இழுத்துப் பேர் வாங்கியவர் என்று நாடக உலகத்தில் யாரும் கிடையாது. திரையை இறக்க மாட்டேன் என்று சொல்லியே பேர் வாங்கியவர் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவரும் கோலார் தங்கவயலில், எங்கள் குழுவில் வந்து வாய்த்தார். அது நாங்கள் செய்த புண்ணியமா பாவமா என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், சம்பள ஆபீசுக்கு அது தெரிந்தும் இருக்கும். எங்களுக்கு அவர் கப்சிப்.

பெயர்க் காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. மேடைக்குப் பின்னால் யாராவது வாயைத் திறந்தால் போதும், இருட்டிலிருந்து "கப்சிப்" என்று ஒரு குரல் வரும். அதட்டல் கிடையாது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ மெதுவாகச் சொல்வது போல இருக்கும். வில்லன் வேஷக்காரன்கூட அதைக் கேட்டால் மீசையோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொள்வான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக் கடை. அறுபதுகளில் வாரம் முழுக்க அண்டா குண்டான் விற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் கதை, வசனம், டைரக்‌ஷன், கதாநாயகன் எல்லாம் நானே ஆகிவிடுவேன். மற்றவர்களுக்கு நடிக்க இடம் கொடுத்ததே என் பெருந்தன்மைதான். அந்த மற்றவர்கள் எல்லோரும் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள். முதல் ஷிப்ட் முடித்து, முகம் கழுவி, அதே முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு வருவார்கள்.

கப்சிப்புக்கு ஷாப்ட்டின், அதாவது சுரங்கத்துக்குள் இறங்குகிற செங்குத்துக் குழியின், வாயருகே வேலை. ஆட்களை ஏற்றிக்கொண்டு பூமிக்குள் இறங்குகிற கேஜுக்குக் கதவு சாத்தி, மணி அடித்து அனுப்ப வேண்டும். மூன்று தடவை மணி அடித்தால் உள்ளே இருப்பது ஆள், பார்த்து இறக்கு என்று எஞ்சின் டிரைவருக்கு அர்த்தம். அந்த வேலையை அவர் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேடையில் இறக்கினார்.

முன்திரையான டிராப் சீன் அவர் பாஷையில் கேஜ். மேடை, லெவல், அதாவது சுரங்கத்துக்குள்ளே ஒரு தளம். வசனம் மறந்து முழிக்கிறவனுக்கு உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டுமானால், "அவனுக்கு மூச்சு முட்டுது, காத்து உடு" என்பார். வேலூரிலிருந்து புதிதாக வந்த ஆர்மோனியக்காரர் முதல் நாள் மேடை ஓரத்தில் உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கப்சிப் இருட்டிலிருந்து, "கேஜ் எறங்குது, தலைய உள்ள இழு" என்றார். மனுஷன் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு எகிறிக் குதித்து, முன்வரிசையில் ஒரு அம்மாள் மடியில் போய் விழுந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட ஆள் அனுப்பினால், வீட்டில் இல்லை என்று அவரே சொல்லி அனுப்பினார்.

சட்டங்களும் உண்டு. பின்மேடையில் விசில் அடிக்கக் கூடாது. சுரங்கத்தில் விசில் அடித்தால் பாறை முழித்துக்கொள்ளும், இங்கே மட்டும் தூங்குமா என்பார். கடைசி வசனத்தை ஒத்திகையில் சொல்லக் கூடாது. சொன்னால் நாடகம் முடிந்துபோகும், முடிந்துபோனதை அப்புறம் எப்படி ஆடுவது? எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம், மேடையில் சாகப்போகிற ஆளை, திரை இறங்குகிற வரைக்கும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

"சாவு சும்மா நடிக்க வந்துகீது மொதலாளி. பேர் சொன்னா அதுக்கு அட்ரஸ் கெடச்சிடும்" என்றார்.

என் நாடகங்களில் கதாநாயகன் கண்டிப்பாகச் சாவான். சாகாவிட்டால் பெண்கள் அழ மாட்டார்கள், பெண்கள் அழாவிட்டால் அது என்ன நாடகம்? ஆகையால் நாடகத்தன்று காலையிலிருந்து என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கத்தி, கிரீடம், கூஜா என்று மேடைக்கு வேண்டிய பொருள்களுக்கெல்லாம் நாங்கள் சாமான் என்று சொல்வோம். அன்றைக்கு நானும் சாமான். "சாமான் டீ குடிச்சாச்சா?" "சாமானுக்கு மீசை ஒட்டியாச்சா?" ராபர்ட்சன்பேட்டையில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்கிற குடும்பத்துப் பிள்ளை நான். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஏன் என்றால், சட்டத்தைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டார். என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சொல்வார்.

நாடகம் முடிந்து திரையை இறக்குவதற்கு முன்னால், கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் மேல வந்தாச்சா?" என்று கேட்பார். ஆச்சு, ஆச்சு என்று எல்லோரும் பதில் சொன்ன பிறகும் இறக்க மாட்டார். இடதுபக்கத்து மேடையோர மறைவான சைடு விங்கையே பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கே ஈ காக்காய் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகத் தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றை விடுவார்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன். "அங்க ஆரப் பாக்கறீங்க?"

"வராதவன."

"ஆரு அது?"

"ஷாப்ட்டு வாயில நிக்கறவனுக்கு, எறங்கிட்டு மேல வராத ஒருத்தனாவது இருப்பான் மொதலாளி. அவன் எப்ப வருவான்னு தெரியாது. அதுக்காவ கேக்காம கதவு சாத்திட முடியுமா?"

அதற்குப் பிறகு நான் இடதுபக்க விங்கில் தனியாக நின்றதில்லை. என்ன அவசரமானாலும் மேடையைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கமாகத்தான் வருவேன். பயம் இல்லை. காற்று அந்தப் பக்கம் கொஞ்சம் சில்லென்று இருக்கும், எனக்குச் சளி உடம்பு.

மேடைக்கு அடியிலிருந்தும் ஒரு தொந்தரவு உண்டு. சோக சீன் நடக்கும்போது பலகைக்குக் கீழே டொக், டொக், டொக் என்று தட்டுகிற சத்தம் கேட்கும். கப்சிப் பதற மாட்டார். தன் குதிகாலால் மூன்று தட்டு திருப்பித் தட்டுவார். சத்தம் நின்றுபோகும். எங்கள் குழுவில் ஆரோக்கியம் என்று ஒருவன் பெண் வேஷம் கட்டுவான். கீழே டிராலி தள்ளுகிற வேலை, தோள் இரண்டும் அதற்குத் தகுந்த அகலம், ஆனால் புடவை கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தால் ஊரே அழும். அவன் ஒரு நாள் புடவையோடு மேடைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு, ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். யார் வீட்டு ஆடோ வெயிலுக்கு அங்கே ஒதுங்கிக் கொம்பால் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. கப்சிப் மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டைப் பார்த்து, "இதுவும் தட்டுதா?" என்று கேட்டார். அந்த 'உம்' எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இப்போது அந்த நாடகத்துக்கு வருகிறேன். ராத்திரி ஷிப்ட் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பகல் மூன்று மணிக்கே ஆரம்பிப்பதாக ஏற்பாடு. ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி ஹாலை இருட்டாக்கியிருந்தோம். கடைசி சீனில் நான் ஆரோக்கியத்தின் மடியில் தலை வைத்து, 'கமலா, நான் போகிறேன்' என்று சொல்லி உயிரை விட வேண்டும். எழுதும்போதே நான் அழுத வசனம் அது. கப்சிப் வசனத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இது வேணாம் மொதலாளி. 'போகிறேன்'னு கீது."

"சாவறவன் போறேன்னு சொல்லாம வேற இன்னா சொல்லுவான்?"

"வரேன்னு சொல்லட்டும்."

"செத்தவன் எங்க வர்றது?"

"வர்றதும் வராததும் அவன் பாடு. சொல்லிட்டுப் போறது மொறை."

கத்தினேன், கெஞ்சினேன், கடைக்குப் போய்விடுவேன் என்று மிரட்டியும் பார்த்தேன். கயிறு அவர் கையில் இருந்தது. 'வரேன்' என்று மாற்றிக்கொண்டேன். கதாநாயகன் சாகிறானா, கடைக்குப் போய்விட்டு வருகிறானா என்று ஜனங்கள் குழம்பப் போகிறார்கள் என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

அன்றைக்கென்று ஆரோக்கியத்துக்குப் பகல் ஷிப்ட் விழுந்துவிட்டது. கமலா இல்லாமல் நாடகம் ஏது? கப்சிப்புக்கு ஒரே மகள், செல்வி. அவள் புருஷன் முனுசாமி, "நான் ஒன் எடத்துல எறங்கறன், நீ பொடவைய கட்டு" என்று ஆரோக்கியத்தோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டான். மத்தியானம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, மாமனாரிடம் "சரி மாமா, போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். கப்சிப் கயிற்றைப் போட்டுவிட்டுத் தெருக்கோடி வரைக்கும் ஓடினார். அவனைக் கையைப் பிடித்து ஹாலுக்குத் திரும்பக் கூட்டிவந்து, வாசலில் நிறுத்தி, "இப்ப சொல்லு" என்றார். மாப்பிள்ளை வெட்கத்தோடு, "வரேன் மாமா" என்றான். நாங்கள் எல்லோரும் அவனைக் கேலி செய்தோம்.

நாடகம் பிரமாதமாகப் போனது. கடைசி சீன். ஆரோக்கியத்தின் மடியில் நான். பெண்கள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்கள். "கமலா" என்று சொல்லி, மூச்சை இழுத்து, கடைசி வசனத்துக்கு வாயைத் திறந்தேன்.

தரை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது.

தங்கவயலில் இது புதிதில்லை. பூமிக்குள்ளே பாறை தாங்க மாட்டாமல் வெடிக்கும். மேலே எங்கள் கடையில் குடங்கள் தானாக உருண்டு ஒன்றையொன்று இடிக்கும், வாடிக்கைக்காரர் பேரத்தை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பார். அன்றைக்கு வந்தது அந்த மாதிரி சின்னது இல்லை. கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது, அரண்மனை எழுதிய படுதா அப்படியே ஊசலாடியது. ஆரோக்கியம் என் தலையைத் தொப்பென்று பலகையில் போட்டுவிட்டான்.

ஹாலில் யாரும் கத்தவில்லை. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் கத்த மாட்டார்கள். யார் யார் இப்போது கீழே என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அமைதியைப் போல ஒரு பயங்கரம் கிடையாது. அப்புறம் சுரங்கத்துச் சங்கு ஊதியது. பெஞ்சுகள் நகருகிற சத்தம், செருப்புச் சத்தம். எல்லோரும் ஷாப்ட்டைப் பார்க்க ஓடினார்கள்.

செல்வி மட்டும் மேடையோரத்துக்கு வந்தாள். "நைனா, வா. அவரு அங்கதான் கீறாரு. வா போலாம்."

கப்சிப் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ போம்மா. நான் இத்த புடிச்சினு கீறன்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஓடிவிட்டாள். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. சொந்த மருமகன் பூமிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறான், இந்த மனுஷன் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று எழுந்திருக்கப் போனேன்.

"எழுந்துக்காதீங்க" என்றார். "இன்னும் வசனம் சொல்லல. சாவாதீங்க மொதலாளி. கொஞ்ச நேரம் சாவாம இருங்க."

"நீங்க ஷாப்ட்டுக்குப் போங்கய்யா."

"அங்க மணி அடிக்க வேற ஆளு கீறான். இங்க ஆரு கீறா?"

திரை இறங்கினால் முடிந்துபோகும், முடிந்தால் மேலே வராதவன் வராதவன்தான். அவர் கணக்கு அது. பைத்தியக்காரக் கணக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். பலகையில் தலையை வைத்து மறுபடி படுத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு சாவை நான் எந்த நாடகத்திலும் செத்ததில்லை. ஆளில்லாத ஹால். பெஞ்சுகள் தாறுமாறாகக் கிடந்தன. வாசல் கதவு திறந்து கிடந்ததில் வெயில் உள்ளே நீளமாக விழுந்து, மெல்ல மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பென்ஷன் பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, தரை ஆடியதைக்கூட எங்கள் செட்டிங் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எங்களைப் பார்த்து ரசித்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அழு" என்று கப்சிப் ஆரோக்கியத்திடம் சொன்னார். "சீன் ஓடட்டும்."

ஆரோக்கியம் எழுதிய வசனத்தை எல்லாம் சொல்லி அழுதான். அது தீர்ந்தது. பழைய நாடகங்களில் இருந்த அழுகையை எல்லாம் எடுத்து அழுதான். அதுவும் தீர்ந்தது. அப்புறம் வாய் கோணிப்போய் நிஜமாகவே அழ ஆரம்பித்தான். "அது என் ஷிப்ட்டுண்ணா. என் எடம். நான் இங்க பொடவ கட்டிகினு குந்தினு கீறன், டேய் முனு..."

"பேர் சொல்லாத."

அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஆரோக்கியம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டான். சாகப்போகிறவனாக மேடையில் கிடப்பது நான். அவன் சொல்ல இருந்தது பூமிக்குள்ளே இருக்கிறவன் பேர். சாவுக்கு அட்ரஸ் கொடுக்கப் பார்த்தான் என்று எனக்கே அந்த நிமிஷம் தோன்றியது. பாத்திரக்கடைக்காரன், பகுத்தறிவு பேசுகிறவன், எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

கப்சிப் இடதுபக்க விங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்கு அடியில் மூங்கில் கட்டை கோத்திருக்கும், நல்ல கனம். கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு நிற்கலாம். மாட்டவில்லை. திரை கொஞ்சம் இறங்கும், பல்லைக் கடித்து மறுபடி மேலே இழுப்பார். ஒரு தடவை மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

என் காது பலகையின் மேல் இருந்தது. அப்போதுதான் கேட்டது.

டொக். டொக். டொக்.

நான் கப்சிப்பைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "கேக்குதா?" என்றார். நான் கண்ணை மூடித் திறந்தேன். அவர் குதிகாலை மெல்லத் தூக்கி மூன்று தட்டு தட்டினார். ஆடாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். அந்த ஆட்டைக் கிறிஸ்துமஸுக்கே பிரியாணி போட்டுத் தின்றாகிவிட்டது. ஆரோக்கியம் வீட்டிலிருந்து எனக்கும் ஒரு தூக்கு வந்தது.

வாசலில் வெயில் மறைந்தது. யாரோ ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளைத் தூசி, முகம் தெரியவில்லை, சட்டை பாதி இல்லை. பென்ஷன் பெரியவர் திரும்பிப் பார்த்து, புது வேஷம் நுழைகிறது என்று கை தட்டினார்.

"மாமா" என்றது அந்த உருவம். "வந்துட்டன்."

பின்னாலேயே செல்வி வந்தாள். அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பாறை விழுந்து வழி அடைத்துக்கொண்டதாம், சுற்றுவழியாக வேறு லெவலுக்கு ஏறி, கடைசிக் கேஜில் எல்லோரும் வந்து சேர்ந்தார்களாம். கப்சிப் எதையும் காதில் வாங்கவில்லை. மருமகனைக் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"எல்லாரும் மேல வந்தாச்சா?"

"ஆச்சு மாமா. எங்க செட்டு அத்தினி பேரும்."

கப்சிப் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க மொதலாளி."

நான் சொன்னேன். என் வாழ்க்கையில் எந்த வசனத்தையும் அப்படிச் சொன்னதில்லை. "கமலா, வரேன்."

இடதுபக்க விங்கைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அவர் கயிற்றை விட்டார். திரை இறங்கியது. உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தமாக இருந்தது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டு, "இப்ப பேசலாம்" என்றார். வெளியே போகும்போது பென்ஷன் பெரியவர் என் தோளைத் தட்டி, நாடகம் நல்லா இருந்தது தம்பி, சாவு சீன் மட்டும் கொஞ்சம் நீளம் என்றார்.

சில வருஷம் கழித்துக் கப்சிப் மார்ச்சளியில் படுத்தார். ஆஸ்பத்திரிக்கு ஜட்காவில் ஏற்றும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் பேசினால் இருமல் வந்துவிடும், பேசாதீங்க என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வரேன் மொதலாளி" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகும் நாங்கள் நாடகம் போட்டோம். இப்போது கயிறு ஆரோக்கியத்தின் கையில். கடைசி வசனம் முடிந்ததும் அவன், "எல்லாரும் மேல வந்தாச்சா?" என்று கேட்பான். ஆச்சு என்று யாரும் பதில் சொல்ல மாட்டோம். இடதுபக்க விங்கைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்போம், அப்புறம் விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விடுவோம். பெங்களூரில் ஒரு போட்டியில் இதைப் பார்த்துவிட்டு, முடிவில் திரையைத் திறந்தே வைத்தது அருமையான நவீன உத்தி என்று எங்களுக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். உத்தி என்ன பெரிய உத்தி. மனுஷன் வரேன் என்று சொல்லிவிட்டல்லவா போயிருக்கிறார், எப்படி இறக்குவது?